வெயிலில் போட்ட குளிர்ச்சட்டை

சங்கரன்கோவிலில் ஒருவருக்குக் குளிரால் விரல் போயிற்று என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சொல்லிப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் சொன்னேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னேன், ஒரு தடவை ரேஷன் கடை வரிசையிலும் சொன்னேன். கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு முந்தானையால் இன்னும் கொஞ்சம் வேகமாக விசிறிக்கொண்டு, "இந்த ஊர்லயா?" என்பார்கள். தார் இளகி செருப்போடு வருகிற ஊர் இது. மார்கழியில் வாசல் தெளிக்கும்போது அரை மணி நேரம் உடம்பு சிலிர்க்கும், அதுதான் எங்களுக்குத் தெரிந்த குளிர். அதற்கே காதில் துணி கட்டிக்கொண்டு அலைவோம்.

ஆனாலும் போயிற்று. நான் சூப்பர்வைசராக இருக்கும் இடத்தில், நான் விசில் ஊதி வரிசையில் நிறுத்திய ஆளுக்குத்தான் போயிற்று.

விசில் எனக்குப் பழைய பழக்கம். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தேன். நகம் வெட்டாத பிள்ளையை, ஷூவுக்குப் பாலிஷ் போடாத பிள்ளையை, சட்டையின் மேல் பித்தானைத் திறந்துவிட்ட பிள்ளையை அறுபது அடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். என்னைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஆகாது. எனக்கும் ஒழுங்கில்லாத எதைக் கண்டாலும் ஆகாது. பள்ளிக்கூடம் மூடியபோது இந்தக் குணத்தை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த குளிர்பதனக் கிடங்கில், 'ஆட்களை மேய்க்க ஒரு ஆள் வேண்டும்' என்றார்கள். அந்த வேலை எனக்குத் தெரியும் என்று போய்ச் சேர்ந்தேன்.

கிடங்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், முன்னால் லாரி திரும்ப ஒரு சிமென்ட் முற்றம். கதவைத் திறந்தால் முதலில் ஒரு முன்னறை. அதற்கு அப்பால், தடித்த பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும் வாசலைத் தள்ளிக்கொண்டு போனால் ஃப்ரீசர். எப்போதும் மைனஸ் இருபது. ஐஸ்கிரீம், பட்டாணி, மீன், அப்புறம் பரோட்டா. தெருவுக்கு நாலு கல் கொதிக்கிற ஊரில் பரோட்டாவையும் உறையவைத்து அட்டைப்பெட்டியில் விற்கிறார்கள் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

நான் சேர்ந்த அன்றைக்கு உள்ளே வேலை பார்த்த பத்துப் பேரையும் பார்த்தேன். ஒருவர் சட்டைக்கு மேல் சட்டை போட்டு, அதற்கு மேல் சாக்கைப் போர்த்தியிருந்தார். ஒருவர் சம்சாரத்தின் சால்வையைத் தலையில் சுற்றியிருந்தார். இன்னொருவர் கொடைக்கானல் டூருக்கு வாங்கின மங்கி குல்லாவைப் போட்டுக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு நின்றார். கைக்குக் கொத்தனார் போடுகிற நூல் உறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மேனேஜரிடம் போனேன்.

"டீச்சர், வெளிய வெயில் மண்டையப் பொளக்கு. இவனுகளுக்கு உள்ள சொர்க்கம்லா. மத்தவன் ஏசிக்காகத் தியேட்டருக்குப் போறான், இவனுக சும்மாவே அனுபவிக்கானுவ" என்றார் மேனேஜர்.

பின்னாலேயே வந்து நின்ற அந்தப் பத்துப் பேருமே அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அதுதான் அங்கே எல்லாருக்கும் பிடித்த நகைச்சுவை. எங்கள் ஊரில் உடம்புக்கு எந்தக் கேடு வந்தாலும் சூட்டினால்தான் வரும். வாய்ப்புண் சூடு, கண்கட்டி சூடு, வயிற்றுவலி சூடு. குளிர்ச்சி என்றால் நல்லது. சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பதும், இளநீர் குடிப்பதும், வெந்தயத்தை மோரில் போட்டு விழுங்குவதும் அந்தக் குளிர்ச்சிக்காகத்தான். அதைக் கம்பெனியே மணிக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

நான் விடவில்லை. இரண்டு மாதம் சண்டை போட்டேன். கடைசியில் ஒருநாள் சரக்கு கணக்கில் இடிக்கிறது என்று பொய் சொல்லி மேனேஜரை ஃப்ரீசருக்குள் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டிகளை ஒன்று ஒன்றாக எண்ணவைத்தேன். எண்ணி முடித்ததும், தப்பு என்று சொல்லி மறுபடி எண்ணவைத்தேன். இருபது நிமிடத்தில் அவருக்கு மூக்கு ஒழுகிற்று, பேனா பிடிக்க வரவில்லை. வெளியே வந்ததும் முற்றத்து வெயிலில் போய் நின்றுகொண்டார். அடுத்த மாதம் பத்து ஜாக்கெட் வந்தது. முழங்கால் வரை நீளம், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. கூடவே தடித்த கையுறை, குல்லா, பூட்ஸ். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. மாவட்ட அளவில் என் பிள்ளைகள் கோப்பை வாங்கினபோதுகூட அப்படி இருந்ததில்லை.

தலைமை அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டது. ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன் ஆட்கள் முழு உடுப்போடு நிற்பதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஃப்ரீசருக்குள் எடுத்தால் கேமராக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். முன்னறையில் வெளிச்சம் போதாது, குல்லாவுக்குள் முகம் தெரியாது. அதனால் முற்றத்தில், வெயிலில், கம்பெனிப் பலகை பின்னால் தெரியும்படி நிறுத்துவேன். ஜிப் கழுத்து வரை ஏறியிருக்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கிக் கையுறையைக் காட்ட வேண்டும். பத்துக் கரடிகள் வரிசையாகச் சரணடைந்த மாதிரி இருக்கும். ஒருவன் ஜிப்பைப் பாதியில் விட்டால் விசில் ஊதி, ஏற்றவைத்து, மறுபடி எடுப்பேன். நெற்றியில் வேர்வை வழியும், துடைக்க விடமாட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஐந்து பத்து நிமிடம் எனக்கு நாளிலேயே பிடித்த நேரம். மறுபடியும் டீச்சர் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த வரிசையில் ஓரமாக நிற்கிறவர் குருவிகுளம் பக்கத்துக் கிராமத்துக்காரர். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயதிருக்கும். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. உளுந்தும் சோளமும் போட்டு, இரண்டு வருஷம் வானத்தைப் பார்த்துச் சலித்து, இந்த வேலைக்கு வந்தார். வீட்டில் சம்சாரம், ஒரு பெண் பிள்ளை, இரண்டு எருமை. விடியுமுன் இரண்டையும் கறந்து, பால் வண்டியில் ஊற்றிவிட்டு முதல் பஸ்ஸில் வருவார். அவர் கறந்தால்தான் எருமைகள் நிற்கும்.

"கை சூடா இருக்கணும் டீச்சர். சில்லுனு வச்சா அது பால இறக்காது, எத்திரும்" என்று ஒருநாள் சொன்னார். நிலம் இரண்டு வருஷமாக ஒன்றும் தரவில்லை. அந்தக் கையும் எருமையும்தான் அந்தக் குடும்பத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தன. கிடங்குச் சம்பளம் அதற்கு முட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான்.

உடுப்போடு ஒரு தாளும் வந்திருந்தது, ஆங்கிலத்தில். குளிரில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை. மேனேஜர், "நீங்கதான் டீச்சராச்சே, தமிழ்ல எழுதி ஒட்டுங்க" என்றார். பெரிய எழுத்தில், கோடு போட்டு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு முன்னறைச் சுவரில் ஒட்டினேன். நாற்பது நிமிடம் உள்ளே, பதினைந்து நிமிடம் வெளியே. தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது. உடுப்பு எப்போதும் உலர்வாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்குள் சிரித்துக்கொண்டேன். மழை பெய்கிற ஊர்க்காரன் எழுதினது போலிருக்கிறது, இங்கே நனைவதற்கு எங்கே போக என்று நினைத்தேன். வேர்வை என் நினைப்பிலேயே வரவில்லை. வேர்வையை நாங்கள் ஈரம் என்று நினைப்பதில்லை. அது காலையிலிருந்து ராத்திரி வரை மேலிலேயே கிடப்பது.

ஒருநாள் போட்டோ எடுத்து முடித்ததும் அந்தத் தம்பி கிட்டே வந்தார்.

"டீச்சர், கையுறைக்குள்ள நசநசன்னு ஈரமா இருக்கு."

"வேர்வதானல. உள்ள போனா காஞ்சிரும்" என்றேன்.

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். உள்ளே போனால் அது காயாது, உறையும். மைனஸ் இருபதில் ஈரத் துணி விரலைச் சுற்றி என்ன ஆகும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்த எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் குளிக்கும்போது, சமைக்கும்போது அந்த வார்த்தை வந்து நிற்கும். அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நிற்பேன்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. ஃப்ரீசரை விட்டு வெளியே வந்ததும் எல்லாரும் நேரே முற்றத்துக்கு ஓடி, நிற்கிற லாரியின் பானட்டில் இரண்டு கையையும் பதித்து வைப்பார்கள். 'சூடு காட்டுதது' என்று பெயர். ஓடி வந்த லாரி, மேலே வெயில் வேறு, பானட் தோசைக்கல்லாக இருக்கும். உள்ளே போகாத எங்களால் ஒரு விரல் வைக்க முடியாது. அவர்கள் அசராமல் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அதை நாங்கள் வீரம் என்று நினைத்தோம். சூடு தெரியாத கை எப்படிப்பட்ட கை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள். ஊர் முழுக்க வெளியூர்க் கூட்டம். ஐஸ்கிரீம் கேட்டு ஏஜென்டுகள் காலையிலிருந்து முற்றத்தில் சின்ன வண்டிகளை நிறுத்திக்கொண்டு கத்தினார்கள். மதுரையிலிருந்து வரவேண்டிய பெரிய லாரி பத்து மணிக்கு என்றார்கள். தலைமை அலுவலகத்து ஆள் ஒருவர் வீடியோ காலில் ஏற்பாட்டைப் பார்க்கப் போகிறார், எல்லாரும் உடுப்போடு தயாராக இருக்க வேண்டும் என்றார் மேனேஜர். நான் நிறுத்தினேன். லாரி வரவில்லை, வீடியோ காலும் வரவில்லை. ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. அதில் குளிர்ச்சி ஒன்றும் இல்லை, அனல்தான். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. ஒருவர் ஜிப்பை இறக்கினார். விசில் ஊதினேன்.

"டீச்சர், உள்ள ஊத்துது டீச்சர். செத்த நேரம் கழட்டிப் போடுதோமே" என்றார் குருவிகுளத்துத் தம்பி.

"இப்பக் கால் வந்தா நான் என்னத்தக் காட்ட? நில்லுங்க" என்றேன்.

நின்றார்கள். வீடியோ கால் கடைசியில் வரவே இல்லை. லாரி வந்தபோது பதினொன்றேகால். ஜாக்கெட்டை ஒருத்தரும் கழற்றக்கூட நேரமில்லாமல், நனைந்த உடம்போடு அப்படியே உள்ளே போனார்கள்.

நாற்பது நிமிடக் கணக்கை அன்றைக்கு நான்தான் விட்டேன். மேனேஜர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஐஸ்கிரீம் உருகிவிட்டால் மறுபடி உறையவைத்து விற்க முடியாது, ஒரு லாரிச் சரக்கும் குப்பை. மனுஷன் கை அப்புறம் தானாகச் சூடாகிவிடும் என்று என் மனசு கணக்குப் போட்டது. லாரியிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து சின்ன வண்டிகளுக்கு, கன்வேயர் பட்டை மாதிரி ஓடவிட்டேன். ஒருமணி நேரம் தாண்டியபோது அந்தத் தம்பி பிளாஸ்டிக் பட்டைத் திரையை விலக்கித் தலையை நீட்டினார். புருவத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"மொதல்ல கை ஊசி குத்துத மாதிரி வலிச்சிது டீச்சர். இப்ப நின்னுட்டு. பழகிட்டு போல."

"பாத்தியா, நான் சொன்னேம்லா. போ, இன்னும் நாலு தட்டுதான் இருக்கு" என்றேன்.

நாலு இல்லை, பெட்டி அடுக்கின தட்டு இன்னும் பதினொன்று இருந்தது. பிள்ளைகளைக் கடைசிச் சுற்று ஓடவைக்க இப்படித்தான் பொய் சொல்வேன்.

வேலை முடிந்தபோது அவருக்குக் கையுறை கழலவில்லை. உள்துணி விறைத்து விரலோடு ஒட்டியிருந்தது. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளையாக, ரத்தம் செத்து இருந்தன. அவரே பார்த்துச் சிரித்தார். "யாரு கையோ மாதிரி இருக்கு டீச்சர்" என்றார். நானும் சிரித்தேன். பிறகு லாரிக்குப் போய்ப் பானட்டில் கையைப் பதித்து வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார், சூடு ஏறவே இல்லை என்று. நான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பக் காலி லாரியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தபசுக்கு நான் லீவு. அடுத்த நாள் அவர் வரவில்லை. போன் போட்டேன், சம்சாரம் எடுத்தாள்.

"கையெல்லாம் கொப்புளமாக் கெடக்கு டீச்சர். மாட்டுக்குக் கீழ உக்காந்தாவ, பிடிக்க முடியல. அது எத்திவிட்டுட்டு. லாரி சூடு பட்டுட்டுன்னு சொல்லுதாவ."

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். எதைத் தொட்டாய் என்று அவர் கேட்டிருக்கிறார். இவர் உள்ளதைச் சொன்னார், லாரி பானட்டைத் தொட்டேன் என்று. குளிரைப் பற்றிச் சொல்ல அவருக்கு வாயில் வரவே இல்லை. குளிர் உடம்பைச் சுடும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. டாக்டரும் தீக்காயம் என்று எழுதி, களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார். நான் போனில், "இளநீர் குடிக்கச் சொல்லு, சூடு தணியும்" என்றேன். என் அறிவு அவ்வளவுதான் இருந்தது.

நாலு நாள் களிம்பு போட்டார்கள். விரல் நுனிகள் கறுத்தன. பிறகுதான் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலை எங்கே என்று கேட்டாராம். ஃப்ரீசரில் என்றதும் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாராம். முதலில் குளிரில் செத்த கை, அதற்கு மேல் சூட்டில் வெந்திருக்கிறது என்று சொன்னாராம். அன்றைக்கே வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருந்தால் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாம் என்றாராம். வலக்கையில் மூன்று விரல் பாதியோடு போயின. இடக்கையில் ஆள்காட்டி விரல் நுனி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு கையிலும் கட்டுப் போட்டவருக்கு ஆப்பிளை யார் நறுக்கிக் கொடுப்பது என்று அங்கே போய்த்தான் யோசித்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"பெருவிரல் ரெண்டும் இருக்குல்லா டீச்சர். பெட்டி தூக்கலாம்லா?" என்று கேட்டார்.

கழிப்பறைக்குப் போகிறேன் என்று வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். ஒரு நர்ஸ் யாரம்மா உனக்கு என்று கேட்டாள். யாருமில்லை என்றேன்.

நஷ்டஈட்டுக்கு எழுதிக் கொடுத்தோம். மேனேஜர் முதல் டாக்டரின் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"தீக்காயம்னு போட்டிருக்கு டீச்சர். நம்ம எடத்துல நெருப்பே கெடயாதே."

திருநெல்வேலிச் சீட்டைக் காட்டினேன். குளிரால் என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர் அதை வாசித்துவிட்டு, செல்போனில் என் போட்டோக்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். முற்றம், பலகை, பத்துப் பேர். எல்லாவற்றிலும் ஓரமாக அந்தத் தம்பி, ஜிப் கழுத்து வரை ஏறி, இரண்டு கையையும் மற்றவர்களைவிட ஒரு பிடி உயரத் தூக்கிக்கொண்டு.

"கம்பெனி என்ன கொறை வச்சிருக்கு? சொல்லுங்க. கையுறை போட்டிருக்கானா இல்லையா?"

"வெயில்ல போட்டு நிறுத்துனோம். உள்ளுக்குள்ள நனஞ்சு போச்சு. நனஞ்ச கையுறை போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான்."

"அப்படி எங்க எழுதியிருக்கு?"

முன்னறைக்குக் கூட்டிப் போய்ச் சுவரைக் காட்டினேன். உடுப்பு எப்போதும் உலர்வாக இருக்க வேண்டும். அவர் அந்த வரியை நிதானமாக வாசித்தார். பிறகு விரலைக் கீழே கொண்டுபோய் என் கையெழுத்தில் வைத்தார்.

தலைமை அலுவலகத்துக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். நடந்ததை ஒன்றுவிடாமல், என் தப்பையும் சேர்த்து எழுதினேன். போட்டோவை முன்னறையில் எடுக்க விளக்கு போட்டுத் தாருங்கள், ஆளுக்கு இரண்டு ஜோடிக் கையுறை தாருங்கள் என்று கேட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பாதுகாப்பில் நான் காட்டும் அக்கறைக்குப் பாராட்டு. இனி ஷிப்டு தொடங்கும்போது ஒரு போட்டோவும், முடியும்போது ஒரு போட்டோவும் அனுப்ப வேண்டும். வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மேனேஜர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

என்னால் ஆனதைச் செய்துதான் பார்த்தேன். போட்டோ முடிந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றி, உள்ளே வெளியாகத் திருப்பிக் கம்பியில் காயப்போடச் சொன்னேன். நம் வெயிலுக்குப் பத்து நிமிடம் போதும். சும்மா இருக்கிற நாளில் நடக்கும். வண்டி நிற்கிற நாளில் மேனேஜர் கத்துவார், ஏஜென்ட் கத்துவான், காயாத ஜாக்கெட்டைப் பறித்து மாட்டிக்கொண்டு ஆட்களே உள்ளே ஓடுவார்கள். பானட்டில் கை வைக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். நான் திரும்பினதும் வைக்கிறார்கள்.

அவர்களில் மூத்தவரான ஒரு அண்ணாச்சி ஒருநாள் எனக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க எதுக்கு மனசப் போட்டு வதைக்கிய? நாங்களும் அதே அளவு வேலதான பாத்தோம். அவனுக்குச் சூட்டு ஒடம்பு. அதான் இப்படி ஆயிட்டு."

வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு முறை எழுதிவைத்தேன். நானும் போனால் விசில் ஊதக்கூட ஆள் இருக்காது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, இந்த வயதில் எனக்கு வேறு யாரும் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை அவருடைய சம்சாரம் கிடங்குக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறாள், தலையில் இன்னும் முக்காடு இருந்தது. எருமைகள் இவள் கைக்குச் சரியாகப் பால் இறக்கவில்லை, ஒன்றுக்குப் பால் வற்றிப் போயிற்று, ஒன்றைச் சந்தைக்கு ஓட்டி விற்றுவிட்டோம் என்றாள். அவர் வீட்டில் இருக்கிறார். பிள்ளைக்குத் தலை பின்னிவிட முயற்சி பண்ணுகிறார், பின்னல் நிற்கவில்லை என்றாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள்.

"அவிய எடம் காலியாத்தான இருக்கு டீச்சர். எனக்குத் தாங்க."

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? வேற எங்கயாவது பாரு. தறிக்குப் போ. தீப்பெட்டிக்குப் போ. இங்கன வேண்டாம்" என்று கத்திவிட்டேன்.

"எல்லா எடமும் கேட்டாச்சு டீச்சர்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

மேனேஜருக்கு மறுப்பில்லை. ஆள் குறைந்து நாலு மாதமாக மற்றவர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாளே வரச் சொல்லிவிட்டார். புது ஜாக்கெட் எதற்கு, அந்த ஆளுடையது சும்மாதானே தொங்குகிறது என்றார்.

முதல் நாள் அவளை மட்டும் முன்னறையில் தனியாக நிறுத்திவைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். வெயிலில் போட்டால் வேர்க்கும், வேர்த்தால் வெளியே வந்து துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், யார் கத்தினாலும் சரி. கை வலித்தால் பயப்படாதே. வலி நின்றால்தான் பயப்பட வேண்டும், அந்த நிமிடமே போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு வெளியே வந்துவிடு. விரல் வெளுத்தால் அக்குளில் வை, வெதுவெதுப்பான தண்ணீரில் வை, லாரிப் பக்கம் போகவே போகாதே. நான் நாலு தட்டு என்று சொன்னால் நம்பாதே, நீயே எண்ணிப் பார். மூச்சுவிடாமல் சொன்னேன். வாழ்க்கையில் எந்தப் பாடத்தையும் நான் அவ்வளவு தெளிவாக நடத்தினதில்லை.

அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். புருஷனுடைய ஜாக்கெட்டின் கை அவளுக்கு நீளமாக இருந்தது, அதை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"இதெல்லாம் அவியகிட்டயும் சொன்னியளா டீச்சர்?"

"இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது, மேனேஜர் கூப்பிட்டார். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, பட்டைத் திரையைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.